பக்கம் எண்பத்தெட்டு

மாவட்ட அலுவலகத்திலிருந்து மூன்று உயிரியல் புத்தகங்கள்
சணல் கட்டி வந்தன, ஓரமெல்லாம் ஈரம்.
பத்தாம் தேதிக்குள் மதிப்பெண் போட்டுத் திருப்பியனுப்ப வேண்டும்.
மாதிரிப் பிரதியில் எதுவும் எழுதக் கூடாது.
படிவத்தில் ஒன்பது கட்டங்கள்.
பத்தாவது, 'பிற':
தீப்பெட்டி அகலம்.

முதல் புத்தகம் வழவழவென்று இருந்தது.
கோத்தகிரி மழை மூன்று நாள் ஜன்னலில் நின்றதற்கே
பசை விட்டு
தவளையின் இரைப்பை தனியே கழன்று
என் செருப்பின் மேல் விழுந்தது.
கட்டமைப்பு: பத்துக்கு இரண்டு.

இரண்டாவதில் இதயத்தின் இடமும் வலமும்
ஒன்றுக்கொன்று வீடு மாறியிருந்தன.
'மலைக்காடு' என்றொரு படம்.
வரிசை பிசகாத கற்பூர மரங்கள்,
குடியரசு தினத்துக்கு நிற்பதைப் போல.
பிளஸ் ஒன் போஜன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்:
'டீச்சர், இது எங்க ஊரு வெறகு டிப்போ.'
பிழைகள் என்ற கட்டத்தில்
அவன் சொன்னதையே எழுதினேன், கொஞ்சம் இலக்கணம் சேர்த்து.

மூன்றாவதுதான் நல்ல புத்தகம்.
அதை மறைப்பானேன்.
கலைச்சொற்கள் தமிழில் தடுக்கி விழவில்லை.
நரம்பு செல்லின் படத்தை
யாரோ ஆசையாக வரைந்திருக்கிறார்கள்.
மரபியல் பாடம் ஓடையாக ஓடுகிறது,
பக்கம் எண்பத்தெட்டு வரை.

அங்கே கதிர் அரிவாள் சோகை. நான்கே வரி.
வட்டச் சிவப்பணுவின் பக்கத்தில் வளைந்த ஒன்று.
கடைசி வரி:
'இந்நோயாளிகள் இளமையிலேயே இறக்கின்றனர்.'
எந்த வருடத்துக் கணக்கு, எந்த ஊரில் எடுத்தது,
மருந்து கிடைத்தவர்களா, கிடைக்காதவர்களா,
ஒன்றும் கிடையாது. முற்றுப்புள்ளி மட்டும் அழுத்தமாக.

மசினி குஞ்சப்பனையிலிருந்து வருகிறாள்.
இரண்டாம் பெஞ்ச். பையில் ஃபோலிக் ஆசிட் அட்டை,
ஒரு லிட்டர் தண்ணீர், ஜூன் மாதத்திலும் கையுறை.
ஆஸ்பத்திரி நாளில்
ரெக்கார்டு நோட்டைத் தோழியிடம் கொடுத்தனுப்பிவிடுவாள்,
தேதி போட்டு, அடிக்கோடிட்டு.

என் வகுப்பில் ஆளுக்கொரு பத்தி வாசிப்பது வழக்கம்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
அந்தப் பத்தி யாருக்கு வரும் என்று.
பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

புத்தகங்கள் ஆசிரியர் அறை மேசையில்தான் கிடந்தன.
ஒன்பதாம் தேதி காலை திறந்தபோது
கடைசி வரியின் ஓரத்தில்
பென்சிலில், கடுகு கடுகாக:
'எங்க அத்தைக்கு ஐம்பத்திரண்டு.
நேத்து இருபத்தெட்டு கிலோ கொழுந்து.'

கையெழுத்து எனக்குத் தெரியும்.
இழுப்பறையில் அழிரப்பர் இருந்தது, புதுசு.
எடுத்தேன். மேசையில் வைத்தேன்.
மணி அடித்தது, பிளஸ் டூ செய்முறைக்குப் போனேன்,
வந்தபோது அது அங்கேயே இருந்தது.

மொழிநடை: ஒன்பது.
படங்கள்: எட்டு.
பாடத்திட்டப் பொருத்தம்: என்ன போடுவது, ஏழு போட்டேன்.
தீப்பெட்டிக்குள்
நுணுக்கி எழுதினேன்:
'பக்கம் 88. ஓரத்தைப் பார்க்கவும். ஏற்கிறேன்.'

சணல் போதவில்லை.
ஆய்வகத்தில் பஞ்சு கட்டும் நூலைச் சேர்த்து முடிச்சிட்டேன்,
கழன்ற தவளையை
அதன் புத்தகத்துக்குள் திரும்பச் செருகிவிட்டு.