பதினொரு நொடி

கோரேகாவிலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.
பெயர் அனிகேத். குரலில் புதுச் சட்டையின் மடிப்பு.
'கலங்கரைத் தெரு' மறுபடி வருகிறதாம்,
இரண்டாம் பாகம், பத்து அத்தியாயம்.
"நீங்கள்தானே மேடம், தமிழில் அந்தச் சிறுவன்?"

நான்தான்.
பதினொரு வயதில், இரட்டைச் சடையோடு,
அந்தேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே தகரக் கொட்டகையில்
ஆம்பளைப் பையனாக இருந்தேன்.
அத்தியாயத்துக்கு நூற்றைம்பது ரூபாய், ஒரு வடாபாவ்.
இரைச்சல் விழுமென்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள்.
கீழே ரொட்டி வேகும் வாசத்தில், வேர்வையில்,
கடலைப் பார்த்துக் கத்துவேன்:
"விளக்க அணைச்சிராதீங்க!"
கடல் ஒரு பதினான்கு அங்குலப் பெட்டிக்குள் இருந்தது.

கோயில்பிள்ளை அண்ணாச்சி என்னுடைய நாரை.
வடாலா டிப்போவில் கண்டக்டர்.
ஷிஃப்ட் முடித்துக் காக்கி மாற்றாமல் வருவார்,
டிக்கெட் கிழித்த விரலை நாக்கில் தொட்டு
வசனத்தாளைத் திருப்புவார்.
எந்த நாட்டுக்காரன் வரைந்த பறவையோ,
இவர் 'ஏலே' என்றதும்
ஆன்டாப் ஹில்லில் எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல்
வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசி அத்தியாயம். நாரை போகிறது.
பதினொரு நொடி சன்னல் மட்டும்.
மூலத்தில், படத்துக்கு வெளியிலிருந்து பறவை சொல்லும்:
"நான் திரும்பி வருவேன்."
அண்ணாச்சி அதை மூன்று தடவை வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"போற பறவைக்கே தெரியாதுல்லா.
நான் எப்படிச் சொல்லுவேன்?"

துரைப்பழம் சார் கத்தினார்.
ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு.
அதற்குள் தகரத்தில் மழை பிடித்தது,
மைக்கில் மழையைத் தவிர ஒன்றும் ஏறவில்லை.
ஒன்பதரைக்கு அவரே சொன்னார்:
"வாய் தெரியாத வசனம்தானே. காலியா விட்டுருங்க."

அப்படித்தான்
தமிழில் மட்டும் அந்தப் பறவை
ஒன்றும் சொல்லாமல் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டிடத்தில் சண்டை.
செத்துப்போச்சு என்றான் வாட்ச்மேன் மகன்.
துபாய் போயிருக்கு என்றாள் டெல்பின்;
அவள் அப்பா அந்த வருடம்தான் போயிருந்தார்.
பேச்சிமுத்து நான்கு நாள்
மொட்டைமாடியில் மீன்தலை வைத்துக் காத்திருந்தான்.
காகம் தின்றது.

அனிகேத்திடம் இதெல்லாம் சொல்லவில்லை.
புதுப் பாகத்தில் முதல் காட்சியிலேயே
நாரை வந்து இறங்குமாம்.
போன இடம், பட்ட பாடு, எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டாம்.
"அந்த கண்டக்டர் தவறிட்டாராமே? பரவாயில்லை மேடம்.
பழைய நாடா எங்களிடம் இருக்கிறது.
அதிலிருந்து குரலை எடுத்து
என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம்."

என்ன வேண்டுமானாலும்.
முடியாது என்று சொல்கிற அண்ணாச்சி
அந்த நாடாவில் இல்லை.
அதைப் பதிவுசெய்ய யாரும் பொத்தானை அமுக்கவில்லை.

"நீங்கள் ஹிந்தியில் பார்த்தீர்களா?" என்றேன்.
"ஆமாம் மேடம். திரும்பி வருவேன் என்றதே.
இரண்டு வருடம், ஒவ்வொரு ஞாயிறும்
டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்."
சட்டை மடிப்பு அங்கே கொஞ்சம் கலைந்தது.

பாவம், அவனுக்கு அது வரவேண்டிய பாக்கி.
வசூலிக்கக் கிளம்பியிருக்கிறான்.
எங்களிடம் யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.
பேச்சிமுத்து இப்போது நவி மும்பையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான்,
ஒரு பெண்ணுக்குக் காது குத்தியாயிற்று.
போன மாதம்கூடச் சொன்னான்,
அன்றைக்கு வந்த காகம் வெறும் காகம் இல்லையாம்.
எந்தத் தயாரிப்பாளர் வந்து
இவனைத் திருத்தப்போகிறார்?

வேண்டாம் தம்பி என்றேன்.
தொகையைக் கூட்டினான். கொஞ்சம் நல்ல தொகைதான்.
வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்ல
எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

இரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்,
"விளக்க அணைச்சிராதீங்க."
நன்றாகவே வந்தது.
வெளியிலிருந்து மகள் சொன்னாள்,
"அணைக்கலம்மா, நீ குளி."