ஐந்தாவது மன்றாட்டு

சனிக்கிழமை பேப்பர்
வத்தலக்குண்டு முதல் பஸ்ஸில் ஏறி
கொண்டை ஊசிகளில் குமட்டிக்கொண்டு
ஒன்பது மணிக்குப் பண்ணைக்காடு வரும்.
அதற்குள் உலகம்
கைப்பேசியில் மூன்று முறை மாறியிருக்கும்.
இருந்தாலும் எனக்குப் பேப்பர்தான் வேண்டும்.
அடிக்கோடு போட,
ஓரத்தில் பேர் எழுத,
முடிந்ததும் மிளகு கட்ட.

ஞாயிறு இரண்டாம் பூசைக்கு
விசுவாசிகள் மன்றாட்டு எழுதுவது என் வேலை.
ஜெராக்ஸ் கடைக்காரிக்குத்
தாளும் மையும் சொந்தம் என்பதால்
சாமியார் என்னைப் பிடித்தார் என்பான் டைட்டஸ்.
இருக்கலாம்.
மொத்தம் ஐந்துதான்.
ஆறாவதுக்குப் போனால்
பின்பெஞ்சு செருப்பைத் தேடும்.

அதனால் சுருக்கப் பழகினேன்.
ஒரு நகரம் இரவோடு இரவாக இடிந்ததை
"உலக அமைதிக்காக" என்பேன்.
கவிழ்ந்த படகை, "பயணம் செய்வோருக்காக."
ஜெயித்தவனையும் தோற்றவனையும்
"எங்களை ஆளுவோர்" என்ற ஒரே சொல்லில்
இடித்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறேன்.
விவரம் அவருக்குத் தெரியும்,
தலைப்பு போட்டால் போதும் என்று
ஒரு சமாதானம்.

டைட்டஸ் வேறு ரகம்.
எங்கே பூமி அதிர்ந்தாலும்
என் கடைக்கு ஓடி வருவான்.
"நெருங்கிட்டுதுக்கா, கதவுகிட்ட நிக்கிறார்."
போன வருஷமும் நின்றார்.
அதற்கு முந்தின வருஷமும்.
நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி போடலாமே
என்று நான் கேட்டதற்கு
இரண்டு நாள் பேசவில்லை.

இந்தச் சனிக்கிழமை ஏழாம் பக்கத்தில்
நகைத் தள்ளுபடிக்குக் கீழே
எங்கள் ஊர்.
எங்கள் ஊர் பேப்பரில் வந்தால்
காட்டெருமை, இல்லை மண்சரிவு.
இம்முறை சூசைராசு.
ஏலச்சீட்டு. முப்பத்தெட்டு லட்சம்.
தலைமறைவாக இருந்தவர் திருப்பூரில் கைது.
படத்தில் முகத்தை மூடியிருந்த துண்டு
எனக்குத் தெரியும்.
பெரிய வியாழனன்று
பாதம் கழுவ உட்கார்ந்த பன்னிரண்டு பேருக்கும்
பங்கில் கொடுத்தது.
நீலக் கரை.

என் பணமும் அதில் இருக்கிறது.
நாற்பதாயிரம். புது மெஷினுக்கு.

இரவு நாலு மன்றாட்டும்
பத்து நிமிடத்தில் வந்தன.
ஐந்தாவதில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.
"சிறையில் இருப்போருக்காக." அழித்தேன்.
"வழி தவறியோருக்காக." அதையும் அழித்தேன்,
அதில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.
கடைசியில் பேரையே போட்டேன்.
பேப்பர்காரன் போட்டிருக்கிறான், நான் போட்டால் என்ன.

ஞாயிறு.
போருக்கு, கோயில் முழுக்க ஒரே குரல்:
எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.
படகுக்கும் மழைக்கும் அப்படியே.
ஆளுவோருக்குக் கொஞ்சம் மெதுவாக.

"எங்கள் சகோதரர் சூசைராசுவுக்காகவும்
அவரிடம் கட்டி இழந்தவர்களுக்காகவும்."
"சகோதரர்" வந்த இடத்தில் தொண்டை அடைத்தது,
பக்தியால் அல்ல.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
மூன்றாம் பெஞ்சில் அவர் மனைவி பிலோமினாள்
முக்காட்டை இன்னும் கீழே இழுத்தாள்.
மகள் கல்யாணத்துக்குக் கட்டிய செபஸ்தியம்மாள்
என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் பேப்பரும் போடாது.
திறந்த கதவு வழியே மேகம் நுழைந்து
நடுப்பாதையில்
அழைக்காத விருந்தாளிபோல் நின்றது.

பீடத்துப் பையன் ஜெரோன், ஒன்பது வயது,
மணியின் நாக்கை நோண்டிக்கொண்டிருந்தவன்,
நான் நிறுத்தியதைக் கேட்டுப்
பழக்க தோஷத்தில்
தன்னந்தனியாகக்
"கேட்டருளும்" என்றான்.
உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

பின்னால் ஒரு இருமல்.
பிறகு இரண்டு மூன்று குரல்கள், முனகலாக.
அவ்வளவுதான்.
அந்த இரண்டு மூன்றில் நான் இல்லை.
வாசிக்கிறவள் பதில் சொல்ல வேண்டியதில்லை,
அப்படி ஒரு வசதி.

திங்கட்கிழமை அந்தப் பேப்பரில்
அரைக் கிலோ மிளகு கட்டினேன்.
ஏழாம் பக்கத்தை மட்டும் எடுத்துவைத்தேன்.
மன்னித்துவிட்டதால் இல்லை,
புகார் எழுதத் தேதி வேண்டும்.
நீலக் கரைக்குப் பக்கத்தில்
ஜெரோன் சொன்ன சொல் பென்சிலில் இருக்கிறது,
என் கையெழுத்து எனக்கே புரியாத அளவுக்குச்
சின்னதாக.