பதின்மூன்று கை, இரண்டு அங்குலம்

மூன்று பேர் ஏற ஒரு முதுகு வேண்டும்.
இரண்டு குதிரை வாங்கப் பணமில்லை,
ஒன்றுக்கு மேல் மேயப் புல்லுமில்லை.
பிரையனிக்குப் பதினொன்று. விடியும்போதெல்லாம்
கால்சட்டை சிறுத்திருக்கிறது.
கோரினுக்கு ஆறு.
பிறகு நான்: நாற்பத்து மூன்று வயது,
எழுபத்தெட்டு கிலோ, பூட்ஸைக் கழற்றிய பின்.
யூவர்ட் ஏறமாட்டான்.
வேலி அடிப்பான், சாணம் அள்ளுவான்,
காசோலையில் கையெழுத்துப் போடுவான்.
ஏறமாட்டான்.

முதலில் பார்த்தது சாம்பல்நிறக் கானெமாரா,
அயர்லாந்துக் கடலோரப் பாறைக்காட்டின் இனம்.
கழுவிக் காயப்போட்ட நிலவு மாதிரி நின்றது.
பிரையனி மூச்சுவிட மறந்தாள்.
விலையைக் கேட்டதும் நானும்.

அடுத்து ஒரு வெல்ஷ். கோரினுக்கு அளவெடுத்துத் தைத்தது போல.
நான் ஏறினால் என் கால்கள்
முற்றத்தைப் பெருக்கும்.

அப்புறம் கஞ்சிநிற ஹைலாண்ட்.
நல்ல குணம், சோபா அகலம்.
கோரினைத் தூக்கி வைத்தோம்.
அவன் கால்கள் இரண்டும் நேர்கோடாய் விரிந்து
ஒன்பதேகால் மணி காட்டின.

மட்டக்குதிரை என்கிறோம்.
மட்டம் என்பது உயரத்தைத்தான்;
மற்றதை ஏறிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் மழையில் மலையேறிப் போனோம்.
ஃபெல் என்றால் கம்ப்ரியாவில் மொட்டைமலை.
அந்த மலையின் பெயரே அங்கே பிறக்கும் குதிரைக்கும்.
டாலன்டயர் அம்மாள் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு
விற்க வந்தவள் போலன்றி
வழக்கில் சாட்சி சொல்ல வந்தவள் போலப் பேசினாள்:

"பேர் டாம்சன். எட்டு வயசு.
சைக்கிளைக் கண்டால் பிடிக்காது.
தாழ்ப்பாளை உதட்டாலேயே திறப்பாள்.
காற்றைத் தின்றே கொழுப்பாள்.
வசந்தத்தில் புல்லை எண்ணிப் போடு,
இல்லாவிட்டால் குளம்பு வெந்து நொண்டுவாள்.
வேறென்ன? ஆங், உன்னை அவளுக்குப் பிடிக்காது.
முதல் மாதம் யாரையும் பிடிக்காது."

டாம்சன் என்பது இந்தப் பக்கத்துக் கருநீலப் பழம்,
சர்க்கரை சேர்க்காமல் வாயில் வைக்க முடியாது.
நிறம் அதேதான். பிடரிமயிர் கண்ணை மூட,
குளம்பைச் சுற்றி ஈரப் பாவாடை போல மயிர் தொங்க,
கோரினின் தொப்பியை ஒருமுறை மோந்துவிட்டுப்
பெருமூச்சு விட்டாள்.
பிரையனி காரைவிட்டு இறங்கவே இல்லை.

நான் ஏறினேன்.
காறை எலும்பு முறிந்து எட்டு வருடம்,
அதற்குப்பின் முதல்முறை.
தொடை நடுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும்;
காதை மட்டும் பின்னால் திருப்பினாள்.

மேலே போனதும் பனிமூட்டம் இறங்கியது.
ஆட்டுத்தடம் இரண்டாகப் பிரிந்தது, பிறகு ஒன்றுமே இல்லை.
முன்னால் ஒரு பச்சைத் திட்டு,
விருந்தாளிக்கு விரித்த மாதிரி வழவழப்பாய்.
குதிகாலால் அழுத்தினேன். நின்றாள்.
உதைத்தேன். நின்றாள்.
திட்டினேன், இங்கே எழுத முடியாத சொல்லால்.
ஒரு காதால் கேட்டுக்கொண்டு
பாறையோரமாய், என்னைக் கேட்காமல்,
சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் நடந்து வந்த டாலன்டயர் அம்மாள்
தடியை அந்தப் பச்சையில் ஊன்றினாள்.
தடி பாதிக்குமேல் போயிற்று.
அவள் எதுவும் சொல்லவில்லை.
விலையையும் குறைக்கவில்லை.

குதிரையை இங்கே கையால் அளக்கிறார்கள்,
தரையிலிருந்து தோள்மேடு வரை கைமேல் கை வைத்து.
டாம்சன் பதின்மூன்று கை, இரண்டு அங்குலம்.
எங்கள் வீட்டில் மொத்தம் எட்டு கைதான்.

முதல் இரவே தாழ்ப்பாள் திறந்தது.
ஹாட்ரிக் வீட்டு முட்டைக்கோஸுக்கு நஷ்டஈடு பதினாறு பவுண்டு.
கோரின் அவள் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான்.
ஞாயிறன்று நான் ஓடைவரை போய்வருகிறேன்.
பிரையனியின் போனில் இன்னும் அந்தச் சாம்பல்நிறக் குதிரைதான்;
ஆனால் டாம்சனின் பிடரியில் நேற்று
யாரோ மூன்று சடை பின்னியிருந்தார்கள்,
அவளிடம் கேட்டால் தெரியாதாம்.

இரவு பதினொன்றுக்கு ஜன்னல் வழியே பார்க்கிறேன்:
டார்ச் வெளிச்சத்தில் யூவர்ட்,
புதுத் தாழ்ப்பாளை மூன்றாம் தடவையாக இழுத்துப் பார்த்தபின்
உள்ளே வராமல்
அவள் முதுகில் முழங்கையை ஊன்றி நிற்கிறான்.
ஏறவில்லை.
சாய்ந்திருக்கிறான்.