கதவு பூட்டு

பங்குனி நாலாம் தேதி. அஞ்செட்டி இறக்கத்தில்
பேருந்து என்னை இறக்கிவிட்டுப் புழுதியோடு போனது.
தோளில் பை, பையில் கருவி,
சாயங்காலத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
மின்கணக்கு எடுக்க வந்தவள் நான்.
மரங்கள் என்னிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.
ஆனாலும் காட்டுகின்றன.

புங்கமரத்தடியில் யாரோ
பொரிமூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்.
மிதிக்க மனமில்லாமல்
சாலையின் அந்தப் பக்கம் போனேன்.
அந்தப் பக்கமும் புங்கமரம்.

தை மாதம் வந்தபோது
பட்டுப்போனது என்று நான் முடிவுகட்டிய புரசு
இலையே இல்லாமல் நின்றுகொண்டு
கிளை முழுக்கச் சிவந்த கிளிமூக்கைக் காட்டியது.
மன்னிப்புக் கேட்க வேறு யாரும் இல்லாததால்
மரத்திடமே கேட்டேன்.

குக்குறுவான் எங்கோ ஒளிந்துகொண்டு
குக், குக், குக் என்று
இடைவெளி மாறாமல் ஓடவிட்டது,
நல்ல மின்மானி மாதிரி.

கேழ்வரகு அறுத்த தாளில் கால் வைத்ததும்
ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றித் திட்டியது.
முட்டை பக்கத்தில்தான் எங்கேயோ.
நான் பார்க்கலை, நான் ஒண்ணும் பார்க்கலை என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாண்டினேன்.

கெம்பம்மா வீட்டுச் சுவரில் பெட்டியின் மூடி
ஒற்றைக் கம்பியில் தொங்கியது.
உள்ளே, எண் தெரிய வேண்டிய இடத்தில்
புல், வேர், ஆட்டுமயிர்,
ஊதா நிறத்தில் ஒரு சேலைநூல்,
நடுவே பச்சையோடிய நீலத்தில்
பழுப்பு தெளித்த நான்கு முட்டைகள்.

குண்டுகரிச்சான் வேலிக்கம்பில் வந்து உட்கார்ந்தது.
கறுப்பு அங்கி, வெள்ளைச் சட்டை.
வாலை நிமிர்த்தி
'கைய வெச்சா கேஸு' என்று பார்த்தது.

"நாலு நாளா நான் பேன் போடலம்மா" என்றாள் கெம்பம்மா.
"அந்தப் பொட்டி சூடாவுமோ என்னமோ."

ஒரு விரலால் நகர்த்தினால் எண் தெரிந்துவிடும்.
கருவி எண் கேட்டது. மறுபடியும் கேட்டது.
அதற்குத் தெரிந்த பதில்கள் மூன்று:
அளவு, பழுது, கதவு பூட்டு.
கூட்டுக்குக் குறியீடு இல்லை.

விரியத் திறந்த கதவுக்கு முன்னால் நின்று
அவள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே
கதவு பூட்டு என்று அழுத்தினேன்.
பதினோரு வருஷத்தில் அரசாங்கத்துக்கு நான் சொன்ன முதல் பொய்.
அடுத்த வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்
விஷ்ணுகிரந்தி பூத்திருந்தது.
சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை,
அவ்வளவு நீலம்.
குனிந்து பார்த்ததில் நாலு நிமிஷம் போயிற்று.
அந்த நிமிஷங்களை எதிலும் எழுதவில்லை.

வைகாசியில் மறுபடி அதே இறக்கம்.
புரசில் பூ இருந்த இடமெல்லாம் தட்டைக் காய்.
கொன்றை தன் மஞ்சளில் பாதியைக்
கீழே விட்டிருந்தது.

கெம்பம்மா வீட்டில் பூட்டு. நிஜப் பூட்டு.
ஆட்டுப்பட்டி காலி.
"ஓசூர் போயிட்டாங்க" என்றான் பக்கத்து வீட்டு மாதேஷ்,
மாங்காய்க்கு உப்பு தொட்டபடி.
எப்போது வருவாள்?
தோளைக் குலுக்கினான்.

பெட்டிக்குள் கூடு அமுங்கிக் கிடந்தது.
ஓரமாய் ஒரே ஒரு முட்டை, பொரியாதது.
சில்லென்று இருந்தது, கைக்குக் கனமே இல்லை.
மற்ற மூன்றும் பறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்,
பாம்பைப் பற்றி நினைக்காமல்.

கூட்டை இரண்டு கையாலும் தூக்கி எண்ணைப் பார்த்தேன்.
நாலு மாதத்துக்கும் சேர்த்து
முப்பத்தொரு யூனிட்.
கூட்டைத் திரும்ப வைத்தேன்.
முட்டையையும்.

கதவு பூட்டியிருப்பதைச் சொல்ல நினைத்தேன்.
ஆனால் எண் கிடைத்துவிட்டால்
கதவைப் பற்றிக் கருவி கேட்பதில்லை.