கைக்கு எட்டாமல்

விறகு விலைக்குத்தான் கேட்டேன்.
பெட்ஃபோர்டில் இடித்த பங்களாவின் தரைப்பலகை,
கிலோ பதினான்கு ரூபாய்.
ஈரத்துக்கும் சேர்த்து எடை போடுவான் என்று
மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன்.
வெயில் வரவில்லை.
ஈரத்தோடு வாங்கினேன்.

அப்புறம் தேயிலைப் பெட்டி ஒன்று,
பி.ஓ.பி. என்ற கறுப்பு முத்திரை இன்னும் அழியாமல்.
சர்ச்சில் பெஞ்சு மாற்றியபோது வெளியே போட்ட
முதுகுப்பலகை,
பாட்டுப்புத்தகம் செருகும் பள்ளத்தோடு.
ஆணிகள் நூற்றுப் பன்னிரண்டு.
கல்லில் வைத்துத் தட்டியதில்
நிமிர்ந்தவை எழுபது.
மற்றவை வளைந்தே பழகிவிட்டன.

நாய்க்கு எதற்கு வீடு என்று
ஓட்டுப்பட்டறையில் ஒருவரும் கேட்கவில்லை.
போன தையில், ஞானசிகாமணி வீட்டு வாசலில்
சங்கிலி நீண்டு கிடந்ததை
எல்லோரும்தான் பார்த்தோம்.
கழுத்துப்பட்டை பூட்டியபடியே இருந்தது.
உறைபனியில் இழுத்த தடம்
தேயிலைக்குள் போனது,
பிறகு தடமே இல்லை.

யுகனுக்கு வீசிங். நாயை உள்ளே படுக்கவைக்க முடியாது.
எனக்கோ ராத்திரி ஷிஃப்ட்,
கொழுந்து வாடும்வரை அதற்குக் காவல்.
இவள், கேத்தி ஸ்டேஷனில்
ரயில் நின்ற இரண்டு நிமிடத்தில்
எங்கள் பெட்டிக்குள் ஏறிய குட்டி.
பெயரும் அங்கேயே ஏறிக்கொண்டது.

கதவு வைத்துப் பார்த்தேன்.
விடியும்வரை பிறாண்டி
தன் நகத்தைத் தானே பெயர்த்துக்கொண்டாள்.
சரி, கதவு வேண்டாம்.
அவள் குனிந்து நுழைகிற வாசலில்
சிறுத்தையின் தோள் நுழையாது.
கை நுழையும்.

எவ்வளவு நீளம் இருக்கும் அந்தக் கை?
வாட்சர் போஜனிடம் கேட்டேன்.
தன் கையை நீட்டிப் பார்த்தார்,
மடக்கினார், டீயை முடித்தார்.
"அளக்குற தூரத்துக்கு யாரும் போனதில்ல."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது
மனிதர்களின் புகார்.
எனக்கு வேண்டியது
கைக்கே எட்டாத ஒரு வீடு.

நீளமாய்க் கட்டினேன்,
தண்டவாளம் போடாத சுரங்கம் மாதிரி.
ஒரு துண்டு ஈரலை எறிந்து
கேத்தியை உள்ளே அனுப்பினேன்.
பிறகு புல்லில் கவிழ்ந்து படுத்து
கன்னத்தைப் பலகையில் ஒட்டி
கையை விட்டேன்.
முழங்கை. தோள்.
ஐந்து விரலையும் விரித்து.
ஜன்னலில் குமுதினி
சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துழாவினேன்.
பலகை. பலகை. ஓர் ஆணியின் தலை.
கொஞ்சம் பசிப்பது போலவும் இருந்தது.
அப்புறம், நடுவிரல் நுனியில்,
ஈரமாய், குளிர்ந்து,
ஒரு மூக்கு.
நக்கினாள்.

"செத்தடி" என்றேன்.
வாலாட்டும் சத்தம்
இரண்டு சுவரிலும் அடித்துக் கேட்டது.

இன்னும் ஒரு முழமாவது வேண்டும்.
பலகை தீர்ந்துவிட்டது.
குமுதினி உள்ளே போய்
சமையலறைத் தட்டைக் காலி செய்தாள்.
அன்றிலிருந்து பருப்பு டப்பாக்கள் தரையில்.
யுகன் கட்டிலடியிலிருந்து
கேரம் போர்டை இழுத்து வந்தான்.
ஸ்ட்ரைக்கர் தொலைந்து
ஐப்பசி மழையில் நடுவில் உப்பியிருந்தது.
சட்டத்தைக் கழற்றாமல்
அப்படியே தரையாக்கினேன்.
குழிகள் நான்கும் காற்றுக்கு ஆச்சு.

இப்போது நடு வட்டத்தில் சுருண்டு படுக்கிறாள்,
சிவப்புக் காய் இருக்கவேண்டிய இடத்தில்.
மறுபடி கையை விட்டுப் பார்த்தேன்.
அவள் மூச்சு மட்டும் விரலில் பட்டது.

ஆலையில், இரவு இரண்டு மணிக்கு,
விசிறிகளின் இரைச்சலில்
பரப்பிய கொழுந்தின் மேல் குனிந்து
எட்டிய மட்டும் புரட்டுகிறேன்.
தோள் இடிக்கிற இடத்தில்
கை நின்றுவிடுகிறது.
அதற்கு அப்பாலும் கொழுந்து கிடக்கிறது.

என் கையைவிட ஒரு முழம் கூடுதலாய்க் கட்டியிருக்கிறேன்.
அதனுடையது
எவ்வளவோ.