முப்பத்தொன்றாம் நிமிடம்

ஐம்பத்திரண்டு நிமிடம்.
குன்னூரில் ஏறியதிலிருந்து கோத்தகிரியில் இறங்கும்வரை
ஜன்னலோரம் அசையாமல் பிடித்த போன்.
பேச்சு இல்லை, பாட்டு இல்லை.
தேயிலை, வளைவு, சில்வர் ஓக், வளைவு,
கண்டக்டர் விசில்.
ஏற்றி எட்டு மாதம். பார்த்தவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம்.
துபாயிலிருந்து ஒருவர்
தினமும் இதைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறாராம்.

யோகமலர் கடைக்கு வந்தபோது
நான் யாருடைய ஆதாரையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.
குடையை மடக்கவில்லை.
"பஸ் வீடியோ போடறது நீங்கதானே?
கட்டபெட்டுல நிக்குதே, அங்க நான் இருக்கேன்."

ஓட்டிப் பார்த்தோம்.
முப்பத்தொன்றாம் நிமிடம், ஆறாவது நொடி.
பேக்கரி பெஞ்ச். கையில் பாதி வர்க்கி.
பக்கத்தில் நீல ஸ்வெட்டர்க்காரர் ஏதோ சொல்ல
தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள்,
பஸ் நகர்கிறவரை சிரிக்கிறாள்.
மொத்தம் பதினொரு நொடி.
எட்டு மாதமாக என் கண்ணில் படவேயில்லை;
அந்த இடத்தில் ஹார்ன் சத்தம் கொஞ்சம் அதிகமோ என்றுதான்
யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ஃபேக்டரில காய்ச்சல்னு லீவு சொல்லியிருந்தேன்"
என்றாள்.
அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.
அந்த ஸ்வெட்டரை ஊருக்குள் பார்த்ததும் இல்லை.

வீடியோவையே தூக்கிவிடலாம்தான்.
தூக்கினால் இரண்டு லட்சமும் போகும்,
துபாய்க்காரர் தூக்கமும் போகும்.
திருத்தி மறுபடி ஏற்றினால் அது வேறு வீடியோ,
பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.
இருந்த இடத்திலேயே வைத்து வெட்டலாம்:
இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு,
நடுவில் இருப்பது சிவப்பாகும்.
"வலிக்காது" என்றேன், பல் டாக்டர் மாதிரி.

"இருங்க. இன்னொரு தடவ போடுங்க."
போட்டேன்.
"இன்னொரு தடவ."
ஏழு முறை. எட்டாவது முறை
ஆதார்க்காரரும் எட்டிப் பார்க்க
திரையை உள்ளங்கையால் மறைத்தாள்.
"நான் இப்பிடியா சிரிக்கிறேன்?
கடவாய்ப்பல்லு வரைக்கும் தெரியுது."

தனியாக எடுத்து அனுப்பட்டுமா என்றேன்.
கொஞ்ச நேரம் கல்லாப்பெட்டியைப் பார்த்தாள்.
"என் போனு
என்கிட்ட மட்டும் இருக்கறதில்ல.
வெட்டிடுங்க."

சேமி என்பதை அழுத்தினேன்.
அழுத்தியவுடன் போய்விடாது.
நீள வீடியோ, மணிக்கணக்காகும்,
அதுவரை பழையதுதான் ஓடும்.
"எதுவரைக்கும்?"
"ராத்திரி ஆகலாம்."
மழை விட்டிருந்தது. விரித்த குடையோடு போனாள்.

பத்தரை மணிக்கும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.
பதினொன்றே காலுக்கும்.
அதற்குப் பிறகு கரண்ட் போய்விட்டது.

காலையில்
பஸ் நிற்கிறது, நின்றதுமே கிளம்பிவிடுகிறது.
சாலையைக் கடக்கத் தொடங்கிய நாய்
கடந்து முடித்திருக்கிறது.
மிஸ்ட் ஒரு மரம் தள்ளிப் போயிருக்கிறது.
அவ்வளவுதான் தழும்பு.
எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது, அதில்
நாலைந்து நான்.

ஆனால் கீழே,
ஆறு மாதம் முன்பு யாரோ எழுதியது
அப்படியே இருக்கிறது:
"31:06. இந்த அக்கா சிரிப்புக்காக மறுபடி வந்தேன்."
அந்த எண்ணைத் தொட்டால் இப்போது
பேக்கரி தாண்டி, ஒரு சில்வர் ஓக்கில் போய் நிற்கிறது.
நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார்:
"எந்த அக்கா?"

துபாய்க்காரர் பதில் போட்டிருக்கிறார்:
"தெரியலைங்க.
கட்டபெட்டு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன்."