ஊற்றுக்கண்

அறுந்து விழுந்த மோட்டரைத் தேடி
நவக்கிரியில் ஒரு குழாய்க்கிணற்றுக்குள்
கமராவை இறக்கினோம்.
வயரைப் பிடித்தவன் நிமலதாசன்.
திரையைப் பார்த்தவன் நான்.

இரண்டு முழம் செம்மண். பிறகு சுண்ணக்கல்.
முப்பதடியில் தண்ணீர்.
அதற்கும் கீழே குழாய் முடிந்து
கல் பொந்துபொந்தாய் விலகும் இடத்தில்
அது.

சுண்டுவிரல் நீளம். வெள்ளை என்றும் சொல்லேலாது.
வெங்காயம் உரிக்கையில்
விரலில் ஒட்டுமே ஒரு சவ்வு, அந்த நிறம்.
கால் இருந்தது என்கிறான் நிமல்,
நாலு என்கிறான்.
நான் எண்ணவில்லை.
கண் இருக்கவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தோல்.
மூடிய கதவு இல்லை,
கதவே வைக்காமல் கட்டிய சுவர்.

எங்கள் விளக்கு நேரே அதன் முகத்தில்.
அது திரும்பவில்லை.
மேலே நிமல் வயரை ஒரு விரற்கடை அசைத்தான்;
உடம்பு முழுக்கக் காதாகி
நின்றது.

"என்ன தெரியுது?" என்றா கனகாம்பிகை அக்கா.
"மோட்டர் கிடக்கு. எடுக்கலாம்."

விளக்கை அணைத்தேன்.
அதற்கு ஒன்றும் மாறவில்லை.
எனக்குத்தான்.

கொளுக்கியை மெல்ல இறக்கச் சொன்னேன்,
இன்னும் மெல்ல.
"பிள்ளைத்தாச்சியோ உள்ளுக்கை?" என்று சிரித்தான் நிமல்.
மோட்டர் வந்தது, சேறும் வந்தது.
சேற்றை வாளியில் விட்டு
முழங்கை வரை அளைந்து பார்த்தேன்.
இல்லை.

இரவு போனில் வாசித்தேன்.
ஐரோப்பாவில், குகைத் தண்ணீரில், குருட்டுச் சலமண்டர்.
தின்னாமல் பத்து வருசம் கிடக்குமாம்.
ஒன்று ஏழு வருசம்
ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததாம்.
ஏழு வயதில் நான்
ஆறு ஊர்க் கிணறு குடித்திருந்தேன்.
ஒன்று உவர், ஒன்றில் மண்ணெண்ணெய் மணம்,
மற்றவை மறந்துபோச்சு.

இலங்கையில் அந்த இனம் இல்லை என்றும் போட்டிருந்தது.
சரி.
விலாங்குக் குஞ்சாய் இருக்கலாம். றாலாய் இருக்கலாம்.
நான் படித்தது மோட்டர் வைண்டிங்.

அடுத்தநாள் புது மோட்டர்.
முதலில் பழுப்பாய்க் கக்கி, இருமி,
பிறகு தெளிந்தது.
அக்கா கையில் ஏந்திக் குடித்தா.
"நல்ல ஊற்றுக்கண், தம்பி.
ஒருநாளும் வத்தாது."

கண் என்றுதான் சொல்கிறோம்
அந்த இருட்டையும்.

மோட்டரின் வாயில்
நுளம்பும் நுழையாத வலையாய்ப் பார்த்துச் சுற்றியிருந்தேன்.
பில்லைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டா:
"வலைக்குக் காசு போடேல்லையே.
மண் வராமலுக்கோ கட்டினது?"

ஓம், என்றேன்.
மண் வராமலுக்கு.